சர்க்கரை போடாத டப்பா

நைனாவுக்குச் சர்க்கரை நோய். ஏகாதசியன்று அரிசி, கோதுமை எதையும் தொடமாட்டார். அவருக்காகவே பாதாம், பூசணி விதை, தேங்காய்ச் சீவலை நெய்யில் வறுத்துக் கிரானோலா செய்தேன். "சர்க்கரையும் இல்ல, தானியமும் இல்ல. தைரியமா துன்னு நைனா," என்றேன்.

அந்த ஏகாதசியன்று புத்தூரிலிருந்து கிளம்பித் திருமலைக்குப் படியேறினோம். காலையில் வழக்கமான மாத்திரையைப் போட்டுக்கொண்டு, இரண்டு பிடி கிரானோலா மட்டும் சாப்பிட்டிருந்தார். பாதி வழியில் சட்டை நனைய வியர்த்தது. கை நடுங்கியது. பெற்ற மகளான என்னைப் பார்த்தே, "யாரும்மா நீ?" என்றார்.

பயத்தில் நான் மறுபடி அந்த டப்பாவைத்தான் நீட்டினேன். பின்னால் வந்த ஒரு அம்மா தடுத்தார். "சுகர் மாத்திர போட்டாரா?" தலையாட்டினேன். "மாத்திர போட்டுக்கினு இத்த மட்டும் துன்னா சுகர் எறங்கிடும்மா. சக்கரத் தண்ணி குடு." பக்கத்துக் கடையில் வாங்கிக் கொடுத்தேன். கால் மணி நேரம் கழித்து, "இன்னாத்துக்கு அழுவுற?" என்று கேட்டார் நைனா.

இப்போது விரதத்துக்கு முன்பே மாத்திரை பற்றி டாக்டரிடம் கேட்டுவிடுகிறோம். கிரானோலாவும் செய்கிறேன். ஒரு சிட்டிகைகூடச் சேர்க்கவில்லை என்று நான் பெருமைப்பட்ட அதே டப்பாவில், இன்று ஒரு சர்க்கரைப் பொட்டலமும் இருக்கிறது.