சிவப்பு எரியாத அம்பாசிடர்

ஆதிநாராயணன் பீங்கான் கம்பெனியில் இருபது வருஷம் சூளையில் சரக்கு அடுக்கியவர். கம்பெனியை மூடினபோது கைக்கு வந்ததைக் கொண்டு ஒரு பழைய வெள்ளை அம்பாசிடரை வாங்கினார். "நம்ம கம்பெனி கப்பு மாதிரி பளபளன்னு இருக்குது பாரு" என்பார். டாஷ்போர்டில் ஒரு பீங்கான் பிள்ளையார்; உள்ளே கூடு, அடியில் சின்ன ஓட்டை. கல்யாணத்துக்கு மட்டும்தான் வண்டியை விடுவார். அவருக்கு அதை விட்டால் வேறு பிழைப்பும் கிடையாது, பெருமையும் கிடையாது.

போன தையில் பிடித்தது சனி. ஜங்ஷன் ரோட்டில் வண்டிக்கு ஒயரிங் வேலை பார்க்கிற என்னிடம் வந்தார்.

"மணி, ஊர்வலத்துல லைட்டு மங்கி மங்கி அணைஞ்சி போவுது. பேட்டரி ஏறல. டைனமோவ பாரு."

ஆல்டர்னேட்டர் என்று எங்கள் பக்கம் எவனும் சொல்வதில்லை. எல்லாம் டைனமோதான். மீட்டர் வைத்தேன், பதினாலு வோல்ட் காட்டியது.

"நல்லாத்தாண்ணே ஏறுது."

"பொய் சொல்லணும்னு எனக்கு வேண்டுதலா?"

பெல்ட்டை இறுக்கினேன். கார்பன் பிரஷ், ரெகுலேட்டர் மாற்றினேன். எர்த் ஒயரைச் சுரண்டிப் போட்டேன். புது பேட்டரியும் போட்டாயிற்று. ஷெட்டில் சார்ஜ் ஏறும், ஊர்வலத்தில் படுத்துவிடும். நிறுத்தினால் மறுபடி கிளம்பாதோ என்ற பயத்தில் என்ஜினை ஓடவிட்டே கொண்டுவருவார். வேலைக்காக அணைத்தாலும் அவரே சாவி போட்டு, ரேஸ் கொடுத்தபடி சீட்டில் இருப்பார். நான் பானெட்டுக்குள் தலையை விட்டு நிற்பேன். அந்த சீட்டில் நான் ஒரு தடவைகூட உட்காரவில்லை.

மாசியில் ஸ்ரீமுஷ்ணத்தில், மண்டபத்துக்கு எதிரிலேயே வண்டி நின்றுபோனது. உள்ளே மாலையோடு மாப்பிள்ளை.

"பொண்ணு வூட்டு சீரு என்னான்னு கேட்டீங்களே, தள்ளு வண்டிங்க!" என்று ஒருத்தன் கத்த, தெருவே சிரித்தது. மாப்பிள்ளையின் தாய்மாமன் இறங்கி, "யோவ் பெருசு, இத பேரீச்சம்பழத்துக்குப் போட்டுட்டுப் போய்யா" என்றார்.

அதற்குப் பிறகு அவருக்கு போன் வரவில்லை. வைகாசிக்குப் பேசியிருந்த மூன்று கல்யாணமும் கைவிட்டுப் போயின. ஆனியில் பழைய இரும்புக்காரனிடமே வண்டியைத் தள்ளிவிட்டார். நான் போனபோது கூரையை அறுத்துப் போட்டிருந்தார்கள். அவர் பிள்ளையாரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். உள்ளே ஏதோ உருண்டது. கவிழ்த்தார். ஒரு குட்டி பல்பு விழுந்தது.

"இது ஏதுண்ணே?"

"சாவி போட்டா ஸ்பீடு மீட்டரு பக்கத்துல செவப்பா எரியுமே, அதும் பல்பு. கார்த்திகைல ஒரு பொண்ணோட அம்மா, 'நல்ல காரியத்துக்குக் கெளம்பயில செவப்பு எரியுதே'ன்னு மொகத்த சுளிச்சிது. கழட்டிப் புள்ளையாருக்குள்ள போட்டுட்டேன். வெறும் லைட்டுதான?"

வெறும் லைட்டு இல்லை. அதன் வழியாகப் போகிற துளி கரண்டுதான் டைனமோவை எழுப்பும். அது இல்லையென்றால் நன்றாக ரேஸ் கொடுத்தால்தான் எழும். மாப்பிள்ளை ஊர்வலத்தில் எவன் ரேஸ் கொடுப்பான்? சாவி போட்டதும் சிவப்பு எரிகிறதா என்று பார்ப்பதுதான் என் தொழிலில் முதல் வேலை. அதை நான் பார்க்கவில்லை.

சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம்.

"அப்ப வண்டி நல்லாத்தான் இருந்துதா?"

பின்னால் கதவை அறுத்துக்கொண்டிருந்தார்கள். அவர் பிள்ளையாரை என் கையில் திணித்தார்.

"ஒன் ஷெட்டுல வச்சிக்க. இனிமேலாவது பாத்து வேல செய்யி."

பல்பை மட்டும் கொடுக்கவில்லை. சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நடந்தார்.