பாறைத்தூளின் மேல் ஒரு சாண் மண்

ஆனி மாதக் கடைசியில் ஒரு காலை, வீட்டுக்காரம்மா காயப்போட்டிருந்த தன் வெள்ளைப் புடவையைக் கொண்டுவந்து என் மனைவியின் முன்னால் உதறினார். சாம்பல் நிறத்தில் தூள் பறந்தது.

"பாத்தியா அம்மணி? இதத் தொவச்சதுன்னு சொன்னா யாராச்சும் நம்புவாங்களா? சோத்துல மண்ணு, பாயில மண்ணு. பொடக்காளி பூராத்துக்கும் கான்கிரீட் போட்டுப்போடறேன். மேஸ்திரிகிட்டயும் சொல்லியாச்சு."

பொடக்காளி என்றால் எங்கள் பக்கத்தில் வீட்டின் பின்புறம். போத்தனூரில், ரயில் கடக்கும்போது பாத்திரம் அதிரும் தெரு ஒன்றில், அவர் முன்வீட்டில் இருந்தார். பின்னால் ஒட்டிக் கட்டிய இரண்டு அறைகளில் நாங்கள் வாடகைக்கு இருந்தோம். பொடக்காளியின் மூலையில் அவருடைய அனுமதியோடு ஓர் ஓலைக் கொட்டகை போட்டு, என் மனைவி சிப்பிக் காளான் வளர்த்துவந்தாள். கான்கிரீட் வந்தால் கொட்டகை போகும். கொட்டகை போனால் வேறு வீடு பார்க்க வேண்டும். அவள் ஏற்கெனவே நிறைய வீடு மாறியவள். எல்லாம் என்னைக் கட்டிக்கொண்டதால் மாறியது. அதனால் மண்ணில் எதையும் நட மாட்டாள். ஒரு கறிவேப்பிலைச் செடி பெயிண்ட் வாளியிலேயே மூன்று வீடு மாறி வந்திருந்தது.

அவள் கொஞ்சமும் பதறாமல் கேட்டாள். "ஆடி பொறக்கப் போவுதுங்க்கா. ஆடியில புது வேல ஆரம்பிக்கலாமுங்களா?"

வீட்டுக்காரம்மா வாய்க்குள் தெலுங்கில் எதையோ சொல்லிக்கொண்டார். மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். யாருக்கும் பயப்படாதவர், பஞ்சாங்கத்துக்கு மட்டும் கட்டுப்பட்டவர். நாள் பார்க்காமல் ஒரு குடம்கூட வாங்கமாட்டார்.

"செரி, ஆவணி பொறக்கட்டும். அதுக்குள்ள தூசி நின்னாப் பாக்கலாம். ஆடிக் காத்துல எங்க நிக்கப் போவுது."

"நின்னுபோச்சுன்னாங்க?"

"நின்னுபோச்சுன்னா நா எதுக்கு அம்மணி சிமெண்டுக்குக் காசக் குடுத்துட்டு உக்காந்திருக்கறேன்?"

அவ்வளவுதான் பேச்சு. கட்டட வேலை தொடங்காத ஒரு மாதம் எங்களுக்குக் கிடைத்தது. காற்று மிகக் கடுமையாக அடிக்கும் மாதமும் அதுதான்.

அந்தத் தூள் எங்கிருந்து வந்தது என்று அந்த வீட்டில் எனக்கு யாரும் சொல்லவேண்டியிருக்கவில்லை. முதல் நாளே கையில் எடுத்துத் தேய்த்துப் பார்த்தேன். கருங்கல்லை அரைத்த தூள். ஆழ்துளைக் கிணறு போடும்போது பூமிக்குள்ளிருந்து காற்றோடு பீய்ச்சி அடிக்குமே, அதுதான். அந்த வீட்டில் எப்போதோ போர் போட்டிருக்கிறார்கள். தண்ணீர் வந்த சந்தோஷத்தில் தூளை அப்படியே பரப்பிவிட்டிருக்கிறார்கள். மழையில் அது குழம்பாகி, வெயிலில் தகடாக இறுகி, காற்றில் மறுபடி தூளாகும். ஒரு புல்கூட முளைக்கவில்லை.

ஏழாம் வகுப்பைப் பாதியில் விட்டுவிட்டு, போர் போடும் ரிக் வண்டியில் ஏறியவன் நான். ராஜஸ்தான், சத்தீஸ்கர், ஆந்திரா என்று போனேன். ஒரு தோட்டத்தில் இரண்டு நாள், அடுத்த தோட்டத்தில் ஒரு நாள். இரும்புக் குழாயை ஒன்றன்மேல் ஒன்றாக மாட்டி இறக்குவோம், கழற்றி ஏற்றுவோம், வண்டியிலேயே தூங்குவோம். கம்ப்ரசர் பக்கத்திலேயே நின்றதில் இடது காது போனது. அங்கே நின்றவர்கள் எல்லோருக்கும் ஒரு காது அப்படித்தான். பிறகு மூச்சு இழுக்க ஆரம்பித்தது. நெஞ்சில் தூசி படிந்திருக்கிறது, இனித் தூசிப் பக்கமே போகக்கூடாது என்று டாக்டர் சொன்னார். இறங்கிவிட்டேன். காங்கேயத்தில் தேங்காய்க் களத்தில் கொஞ்ச காலம், பீளமேட்டில் கல்லூரி விடுதிச் சமையலறையில் கொஞ்ச காலம். எங்கேயும் ஒரு வருஷத்துக்கு மேல் கால் நிற்கவில்லை. கடைசியில் இந்த வீடு.

"தூசி ஆவாதுன்னு டாக்டர் சொன்னாரு. நீங்க தூசி எங்க இருக்குதுன்னு தேடிப் போயி வாடகைக்குப் புடிச்சிருக்கறீங்க" என்றாள் என் மனைவி.

காளான் அவளுடைய யோசனை. ஒருநாள் பயிற்சிக்குப் போய்வந்து, வைக்கோலை ஊறவைத்து, வேகவைத்து, ஈரம் பிழிந்து, பிளாஸ்டிக் பையில் ஓர் அடுக்கு வைக்கோல், ஓர் அடுக்கு காளான் விதை என்று நிரப்பினாள். பைகளை நான் கொட்டகையில் கயிறு கட்டித் தொங்கவிட்டேன். மாசி மாதம் அது. பைகள் உள்ளுக்குள் பஞ்சு படர்ந்ததுபோல வெளுத்தன. பிறகு துளை போட்ட இடங்களில் மொட்டு விட்டது. அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து எட்டிப் பார்த்து, "என்ன வெள்ளையுங்க, அப்புடியே மல்லிகப்பூ மாதர" என்று சொல்லிப் போனார்கள்.

அங்கேதான் பிசகினோம். இத்தனை கண் பட்டிருக்கிறது, சும்மா விட முடியுமா? வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்குச் சாம்பிராணி காட்டிய கையோடு அவள் கொட்டகைக்குள்ளும் நுழைந்து பை பையாகப் புகை காட்டினாள். புகை வெளியே போகாமலிருக்க நான் சாக்குப் படுதாவை இறக்கிவிட்டேன். அடுத்த வெள்ளியும் அப்படியே. காளானுக்கு நல்ல காற்று வேண்டும். புகை பட்டால் காம்பு நீளும், குடை விரியாது. எங்கள் காளான்கள் தீக்குச்சிகள்போல நீண்டு, தலை சிறுத்து, மஞ்சளாகிச் சுருங்கின. பயிற்சி கொடுத்த அம்மாவுக்கு அவள் போன் போட்டுக் கேட்டாள். அவர் முழுக்கக் கேட்டுவிட்டு, "கொசுவுக்குப் பொகை போட்டீங்களா?" என்றார். "இல்லீங்க, சாமிக்கு" என்றாள். அந்தப் பக்கத்தில் சிரிப்பை அடக்கியது எனக்கே கேட்டது. அவள் போனோடு என் நல்ல காதை ஒட்டி வைத்திருந்தேன்.

அந்தப் பைகள் இனி உதவாது. குப்பை வண்டிக்காரர் எடுக்க மறுத்தார். பொடக்காளியில் கடப்பாரை போட்டுக் குழி வெட்டினேன். மேலே அந்தச் சாம்பல் தகடு. அதன் கீழே ஒரு முழத்துக்குள்ளேயே செம்மண் இருந்தது. மண் செத்துப்போகவில்லை, மூடிக்கிடந்தது. பிளாஸ்டிக்கைக் கிழித்து எடுத்துவிட்டு, வைக்கோலை மட்டும் குழியில் போட்டு, அதன்மேலேயே மிளகாய் நாற்று நட்டேன். மொத்தமும் மஞ்சளாகிப் போனது. பாதி மக்கிய வைக்கோல், தான் மக்குவதற்கு வேண்டிய சத்தை மண்ணிலிருந்தே இழுத்துக்கொள்ளும் என்பது பிறகுதான் தெரிந்தது.

வைக்கோலைத் திரும்ப வாரிக் குவித்தேன். பச்சைச் சாணம், காய்ந்த இலை, கொஞ்சம் செம்மண், எல்லாம் அடுக்கடுக்காக. தண்ணீர் தெளித்து ஈரச் சாக்கால் மூடினேன். சில நாளில் குவியலுக்குள் கைவிட்டால் சுட்டது. அந்தச் சூடு எனக்குப் பழக்கம். பாறையில் ஓடிவிட்டு மேலே வரும் குழாய் அப்படித்தான் சுடும். கிளறினேன், ஆறியது, மறுபடி சூடேறியது. சூடேறாமல் நின்று, புளிப்பு நாற்றம் போய், மழை விழுந்த தோட்டத்தின் வாசனை வந்தபோது அது உரம். கருப்பாக, கையில் ஒட்டாமல் உதிர்ந்தது. வைக்கோல் என்று சொல்ல அதில் ஒரு நார் இல்லை.

சாம்பிராணி காட்டாமல் அவள் மறுபடி கட்டிய பைகள் நன்றாக விளைந்தன, ஆனால் அவற்றில் கழியும் வைக்கோல் மட்டும் போதாது. காளான் வளர்ப்பவர்களுக்கு அறுவடை முடிந்த பைகள் பெரிய தொல்லை, எங்கே கொட்டுவதென்று தெரியாமல் வேலியோரம் அடுக்கி வைத்திருப்பார்கள். மொபெட்டை எடுத்துக்கொண்டு சுற்றுவட்டாரமெல்லாம் போனேன். ஓர் இடத்தில் நிற்காத கால் என்று என்னை ஊரே திட்டியிருக்கிறது. அந்தக் கால்தான் வைக்கோல் கொண்டுவந்து சேர்த்தது. ஆனிக் கடைசியில் வீட்டுக்காரம்மா புடவையை உதறிய நாளில், கொட்டகைக்குப் பின்னால் மூன்று குவியல்கள் தயாராக இருந்தன.

ஆடி பிறப்பதற்குள் தகட்டைக் கொத்திப் புரட்டினேன். வாயில் ஈரத் துண்டைக் கட்டிக்கொண்டு, மண்ணை நனைத்து நனைத்துக் கொத்த வேண்டியிருந்தது. மூச்சு வாங்கியபோதெல்லாம் உட்கார்ந்தேன். நான் உட்கார்ந்தபோது அவள் கொத்தினாள். பாறைத்தூளையும் செம்மண்ணையும் கலந்து, அதன்மேல் ஒரு சாண் உயரத்துக்கு உரம் பரப்பினோம். கீரை, முள்ளங்கி, வெண்டை, நடுவில் கத்திரி நாற்று. வெற்றிடம் தெரிந்த இடமெல்லாம் கொட்டகையிலிருந்து புதிதாய்க் கழித்த வைக்கோலைப் போர்வைபோலப் போட்டோம். மண்ணுக்குள் புதைத்த வைக்கோல்தான் சத்தைத் திருடும், மேலே கிடக்கும் வைக்கோல் காவல் காக்கும்.

காற்று வந்தது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் அந்தக் காற்றுக்குத் தெரு நாய்கூடச் சுவரோரம் ஒண்டும். ராத்திரியெல்லாம் ஓலை அடித்துக்கொண்டது. காலையில் நான் முதலில் பார்த்தது செடிகளை அல்ல, முன்வீட்டுக் கொடியை. வெள்ளைப் புடவை காற்றில் விடைத்து நின்றது. வெள்ளையாகவே நின்றது.

சாரல் விழுந்த ஒரு வெள்ளிக்கிழமை வீட்டுக்காரம்மா பொடக்காளிக்கு வந்தார். கத்திரிச் செடிகளுக்கிடையில், போர்வை வைக்கோலிலிருந்து கொத்துக் கொத்தாய் வெள்ளைக் காளான் கிளம்பியிருந்தது.

"அய்யோ, அதென்ன அங்க..." என்று விரலை நீட்டினார்.

"கை காட்டாதீங்க்கா, அழுகிப்போயிரும்" என்றாள் என் மனைவி. அவர் சட்டென்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். பிறகு தலையை மட்டும் நீட்டிப் பார்த்தார்.

"இதத் திங்கலாமா?"

"வெளிய மொளச்சது எதுன்னு உறுதியாச் சொல்ல முடியாதுங்க. தின்னக் கூடாது. கொட்டகையில நல்லதா இருக்குது, பறிச்சுத் தாரேன்."

"ஆடி வெள்ளியில காளான் ஆவுமா? கறியாட்டத்தான இருக்குது."

"கறி இல்லீங்க. மண்ணுல வர்றது."

"மண்ணுல வர்றதுன்னா எல எங்க?"

என் மனைவி என்னைப் பார்த்தாள். "காத்து கொண்டுபோயிருக்குமுங்க" என்றேன். அவர் சிரித்துவிட்டார். கொட்டகைக் காளானை வாங்கிக்கொண்டு போய், சனிக்கிழமை சமைத்ததாகச் சொன்னார்.

ஆவணி பிறந்த முதல் வாரத்தில் மேஸ்திரி வந்தார். ஜல்லியும் மணலும் வாசலில் இறங்கிவிட்டன. அதைப் பார்த்ததும் என் மனைவி, கிடைத்தவரை மிஞ்சட்டும் என்று கீரையை அறுக்க ஆரம்பித்தாள். எதிர்த்துப் பேசத் தெரியாதவள் அல்ல. ஆனால் ஆனியில் பேசிய வார்த்தை வார்த்தைதான், தூசி நின்றதா என்று தீர்ப்புச் சொல்லவேண்டியவர் வீட்டுக்காரம்மா.

வீட்டுக்காரம்மா மேஸ்திரியைக் கூட்டிக்கொண்டு பின்னால் வந்தார். நேராகத் தன் சமையலறை ஜன்னலுக்குப் போய், அதன் கட்டையில் ஒரு விரலை வைத்து ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை இழுத்தார். விரலை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அதை மேஸ்திரியிடம் காட்டினார்.

"ஏனுங்க, இதுல எதாச்சும் தெரியுதுங்களா?"

"ஒண்ணுமில்லீங்களே" என்றார் மேஸ்திரி, என்ன கேட்கிறார் என்று புரியாமல்.

"அப்ப வண்டி நிக்கற எடத்துக்கு மட்டும் போடுங்க. கவுறு கட்டுங்க. கவுத்துக்கு அந்தப் பக்கம் ஒரு சட்டி சிமெண்டு உழுகக் கூடாது." என் பக்கம் திரும்பினார். "தம்பி, எனக்கு மேல மொட்ட மாடியில பத்துத் தொட்டி கெடக்குது. அந்தக் கருப்பு மண்ணு ரண்டு கூடை வேணும். பழசு குடுத்து ஏமாத்தாதீங்க."

"புதுசாவே தாரேனுங்க" என்றேன். உரத்தில் பழசுதான் நல்லது என்பதை அப்போது சொல்லவில்லை. பழசையே கொடுத்தேன்.

நான் எத்தனையோ பேர் நிலத்தில் ஆழத்துக்குத் துளை போட்டிருக்கிறேன். எல்லாம் உள்ளேயிருந்து வெளியே எடுத்த வேலை. இந்தப் பொடக்காளியில் வெளியேயிருந்து உள்ளே கொடுத்திருக்கிறேன். ஒரு சாண்தான். ஆனால் அது என் கையால் ஆன மண். அதைப் பார்க்க வருகிறவர்களிடம் நான் கொஞ்சம் அதிகமாகவே பேசுகிறேன் என்று என் மனைவி சொல்கிறாள். பேசுகிறேன்தான்.

மேஸ்திரி கயிறு கட்டி முடித்தபோது அவள் பெயிண்ட் வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். கயிற்றுக்கு இந்தப் பக்கம், எங்கள் மண்ணில், குழி தோண்டச் சொன்னாள். வாளியைக் கவிழ்த்துத் தட்டியபோது, வேர்கள் வாளியின் வடிவத்திலேயே சுருண்டு இறுகியிருந்தன. அவற்றை விரலால் மெல்லப் பிரித்துவிட்டுக் குழியில் இறக்கினாள். இரண்டு கையாலும் உரத்தை அள்ளி மூடினாள்.

"இனி இதத் தூக்கீட்டுப் போவ முடியாது, பாத்துக்குங்க" என்றாள்.

காலி வாளியில் தண்ணீர் பிடித்து வந்து ஊற்றினேன்.