வீரையா தூக்கிப் பார்த்த குச்சிகள்

வீரையாவுக்கு எதையும் ஒருமுறை பார்த்தால் போதாது. கல்லல் ஸ்டேஷனில் டிக்கெட் வாங்கினால் தேதியைப் படிப்பார்; நாலு அடி தள்ளிப் போய் வெளிச்சத்தில் பிடித்து மறுபடியும் படிப்பார். வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போனவர் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பார். அப்படிப்பட்ட மனிதருக்கு வாய்த்த வேலையோ, யாரும் கண்ணால் பார்க்காத காளையை நம்பி ஊர் மாடுகளுக்குச் சினை ஊசி போடுவது.

முன்பு தேவகோட்டைக்குப் பால் கேன் ஏற்றிப்போகும் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார். சினை ஊசிப் பயிற்சிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுச் சேர்ந்தார். பயிற்சியின்போது மலைப்பக்கம் ஒரு காளைப் பண்ணைக்கு அழைத்துப் போனார்கள். அங்கே ஒரு ஜெர்சிக் காளையை, ஆடாமல் நிற்கும் இன்னொரு மாட்டின் பின்னால் கொண்டுவந்து நிறுத்தினார்கள். காளை முன்னங்காலைத் தூக்கி ஏறிய கணத்தில், பக்கத்தில் நின்றவர் வெந்நீர் நிரப்பிய ரப்பர் உறையில் விந்தைப் பிடித்துக்கொண்டார். அதை உள்ளே கொண்டுபோய், முட்டை மஞ்சள் கரு கலந்த கரைசலில் நீர்க்கவைத்து, ஈர்க்குச்சி போன்ற மெல்லிய குழல்களில் அடைத்து, புகையும் திரவ நைட்ரஜனில் முக்கி உறையவைத்தார்கள். காளை ஒரு தடவை ஏறினால் நூற்றுக்கணக்கான குச்சிகள். மற்றவர்கள் வாயைப் பிளந்து பார்த்தார்கள். வீரையா கையைத் தூக்கினார்.

"இந்தக் குச்சிக்குள்ள இருக்கிறது அந்தக் காளையோடதுதான்னு எப்படி சார் நம்புறது?"

அதிகாரி ஒரு குச்சியை நீட்டினார். காளையின் எண்ணும் தேதியும் பொடி எழுத்தில் அச்சாகியிருந்தன. "படிச்சுப் பார்த்துக்கங்க" என்றார்.

வீரையா அதைக் கட்டளையாகவே எடுத்துக்கொண்டார். ஊருக்கு வந்து வேலையைத் தொடங்கிய நாளிலிருந்து, எண்ணைப் படிக்காமல் ஒரு குச்சியைக்கூட அவர் மாட்டுக்குப் போட்டதில்லை.

ஊரும் அவருக்கு இளைத்ததில்லை. மாடு பருவத்துக்கு வந்து கத்துகிறது என்று கூப்பிட்டு அனுப்புவார்கள். வந்தவுடன் சுற்றி நின்றுகொண்டு கேள்வி கேட்பார்கள். மேலத்தெருப் பொன்னழகு அவருக்கு மதினி முறை. வாய்க்கு வாய் பேசுகிறவள்.

"கொழுந்தனாரே, மாப்பிள்ளை மூஞ்சியக் காட்டாமலே தாலி கட்டுறீகளே. எங்க மாடு ஒத்துக்கிருமா?"

"கன்னுக்குட்டி மூஞ்சியில தெரியும் மதினி, பொறுங்க."

கன்று பிறந்தது. மான்குட்டி நிறத்தில், அகன்ற நெற்றியோடு நின்றதைப் பார்த்த பிறகு பொன்னழகு ஊசி போட வேறு யாரையும் தொழுவத்துக்குள் விடவில்லை. அவளைப் பார்த்து மேலத்தெரு முழுக்க வீரையாவின் வண்டிக்குக் காத்திருந்தது. பல வருஷம் அப்படித்தான் ஓடியது.

பிறகு ஈஸ்வரன் வந்தான். அவனும் பயிற்சி முடித்தவன், முப்பது வயதிருக்கும். பால் சங்கத்தின் மூலை அறையில் இடுப்புயரத்துக்கு ஒரு நைட்ரஜன் கன்டெய்னர் உண்டு. அதற்குள் நீளக் கம்பிகளில் குவளைகள் தொங்கும். குச்சிகள் அந்தக் குவளைகளில் மூழ்கிக் கிடக்கும். இதுவரை எல்லாம் வீரையாவின் பொறுப்பு. இப்போது பாதி குவளைகள் ஈஸ்வரனுக்கு. சாவியும் இரண்டானது.

கிடேரி, அதாவது பெண் கன்று மட்டுமே பிறப்பதற்கென்று பிரித்தெடுத்த விலை கூடிய குச்சிகளும் அந்தச் சமயத்தில்தான் வர ஆரம்பித்தன. வீரையாவுக்கு உறக்கம் போனது. ஈஸ்வரன் அவருடைய குச்சியை எடுத்துக்கொண்டு சாதாரணக் குச்சியை வைத்துவிட்டால் யாருக்குத் தெரியும்? குவளைக் கம்பிகளில் சிவப்பு நூலைச் சுற்றி, தான் மட்டுமே போடத் தெரிந்த முடிச்சாகப் போட்டார். அதுவும் போதாமல், காலையில் போகும்போதும் மாலையில் வரும்போதும் குவளையை வெளியே தூக்கி, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, குச்சி குச்சியாக எண்களைப் படித்தார். எல்லாம் சரியாகவே இருந்தன. சரியாக இருந்தது அவருடைய சந்தேகத்தைக் கூட்டியது.

கொஞ்ச நாளில் அவர் ஊசி போட்ட மாடுகள் சினை பிடிக்காமல் மறுபடியும் கத்தத் தொடங்கின. ஒன்று, இரண்டு என்றால் மாட்டின் மேல் பழி போடலாம். மேலத்தெருவில் வரிசையாகக் கத்தின. ஈஸ்வரன் போட்ட மாடுகள் சினை பிடித்தன.

ஒரு நாள் காலை, பால் ஊற்றவந்த கூட்டத்துக்கு நடுவே பொன்னழகு வாளியைத் தரையில் வைத்தாள்.

"கொழுந்தனாரே, ரெண்டு தடவை போட்டீக. ஊசி போட்டீகளா, பச்சைத் தண்ணி ஊத்தினீகளா?"

யாரோ சிரித்தார்கள். வீரையாவின் காது சிவந்தது.

"என்னைய ஏன் கேக்குறீக? குச்சிய மாத்துறவன் அங்குட்டு நிக்கிறான், அவனக் கேளுங்க."

ஈஸ்வரன் பைக்கை ஸ்டாண்ட் போட்டுவிட்டு வந்தான். "சித்தப்பு, யாரச் சொல்றீக?"

"ஒன்னையத்தான்டா. நீ வந்த பெறகுதான் எம்மாடெல்லாம் கத்துது."

"மாடு கத்துறதுக்கு நான் என்ன, தாளம் போட்டேனா?"

மறுபடியும் சிரிப்பு. சங்கத் தலைவர் பாண்டீஸ்வரன் இருவருக்கும் நடுவே வந்து நின்றார். "ரெண்டு பேரும் நிறுத்துங்கப்பா. புதன்கிழமை கால்நடை டாக்டரம்மா வாராக. நுண்ணோக்கியில வச்சுப் பாக்கட்டும். யாரு குச்சியில தப்பு இருக்கோ, அவரு சாவியக் குடுத்துட்டுப் போயிரணும்."

"சரி" என்றார் வீரையா, முதல் ஆளாக.

டாக்டர் சௌபர்ணிகா அந்தப் பக்கத்துக்கு மாற்றலாகி வந்து அதிக நாளாகவில்லை. புதன்கிழமை வந்தவர், ஈஸ்வரனின் குவளையிலிருந்து ஒரு குச்சியை எடுத்து வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டார். துடைத்து, நுனியை வெட்டி, ஒரு துளியைக் கண்ணாடித் துண்டில் விட்டுப் பார்த்தார். "நல்லாயிருக்கு. நீங்களும் பாருங்க."

வீரையா குனிந்தார். தேர் இழுக்கும் தெருவை மாடியிலிருந்து பார்ப்பதுபோல் இருந்தது. ஒன்றை ஒன்று முட்டிக்கொண்டு, நெருக்கியடித்துக்கொண்டு ஓட்டம்.

அடுத்தது வீரையாவின் குச்சி. டாக்டர் பார்த்தார். கண்ணாடித் துண்டை நகர்த்திப் பார்த்தார். இன்னொரு குச்சியை எடுத்து அதையும் பார்த்தார். பிறகு நகர்ந்து வீரையாவுக்கு இடம் விட்டார்.

அங்கே கூட்டம் இருந்தது, ஓட்டம் இல்லை. வெட்டிப் போட்ட நூல் துணுக்குகள்போல் எல்லாம் அப்படி அப்படியே கிடந்தன.

"மாத்திட்டான்!" என்று நிமிர்ந்தார் வீரையா. "பாத்தீகளா, மாத்திட்டான்!"

"குச்சியில நம்பர் என்ன?" என்றார் டாக்டர்.

வீரையா படித்தார். அவருக்கு மனப்பாடமான எண்தான்.

"நூல் முடிச்சு?"

அவர் போட்ட முடிச்சு, அவர் போட்டபடியே இருந்தது. வீரையா முடிச்சை நிமிண்டிப் பார்த்தார். வேறு யாராவது அதைப் போட்டிருக்க முடியுமா என்று அப்போதும் யோசித்தார்.

"அண்ணே, நீங்க தினமும் எப்படிப் பார்ப்பீங்களோ, அப்படி ஒருதடவை எடுத்துக் காட்டுங்க" என்றார் டாக்டர்.

இதில் என்ன இருக்கிறது என்று வீரையா மூடியைத் திறந்தார். குவளையை வெளியே முழுசாகத் தூக்கினார். வெள்ளைப் புகை கையில் வழிந்தது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முதல் குச்சியைப் படித்தார், இரண்டாவதைப் படித்தார்.

"எவ்வளவு நேரம் இப்படிப் பிடிச்சுக்கிட்டு இருப்பீங்க?"

"எல்லாத்தையும் படிச்சு முடிக்கிற வரைக்கும்."

சொல்லி முடிப்பதற்குள் அவர் கை நின்றுவிட்டது.

குவளை கன்டெய்னரின் கழுத்தைத் தாண்டக் கூடாது. குச்சியைச் சட்டென்று இடுக்கியால் எடுத்துக்கொண்டு குவளையை இறக்கிவிட வேண்டும். வெளிக்காற்றில் சூடேறிய குச்சியைத் திரும்ப முக்கினால் உறையுமே தவிர உயிர் மிஞ்சாது. பயிற்சியில் அவருக்குச் சொல்லித்தான் கொடுத்தார்கள். அந்த விதி மாட்டுக்குப் போட எடுக்கும்போது மட்டும்தான், காவல் பார்ப்பதற்கு இல்லை என்று அவராகவே வைத்துக்கொண்டிருந்தார்.

வாசலில் நின்ற பொன்னழகு கன்னத்தில் கை வைத்தாள். "அடப்பாவி மனுசா! களவு போயிரும்னு நீரே காவு குடுத்திட்டீரே!"

ஈஸ்வரன் மட்டும் சிரிக்கவில்லை. வீரையா சாவியை மேசையில் வைத்துவிட்டு, யாரையும் பார்க்காமல் வண்டியை எடுத்தார்.

அதன்பிறகு அவரை யாரும் கூப்பிடவில்லை. பழையபடி பால் வண்டி ஓட்டப்போனார். தெருவில் ஈஸ்வரனின் பைக் போனால் எந்தத் தொழுவத்தில் நிற்கிறது என்று மட்டும் கவனிப்பார். ஒருநாள் அது பொன்னழகு வீட்டுத் தொழுவத்தில் நின்றது.

மூன்று மாதம் கழித்து, பொன்னழகே அவரைத் தேடி வீட்டுக்கு வந்தாள்.

"கொழுந்தனாரே, மாட்டுக்குச் சினை இருக்கான்னு கை விட்டுப் பாத்துச் சொல்லணும்."

"போட்டவன் இருக்கான்ல? அவனக் கூப்பிடுங்க."

"போட்டவனே பாத்தா இருக்குன்னுதான சொல்லுவான்? நீங்க வாங்க."

"இந்தத் தடவையும் சினை நிக்கலைன்னா?"

"தீனி போட்டு எனக்குக் கட்டாது. சந்தைக்கு ஓட்டிருவேன்."

வீரையா அவள் தொழுவத்துக்குப் போய், தோள்வரை நீளும் கையுறையை மாட்டிக்கொண்டார். மாட்டின் வாலை ஒதுக்கிக் கையை உள்ளே விட்டபோது, பொன்னழகு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். மாடு சந்தைக்குப் போய்விடும். உண்மை என்னவென்று யாருக்கும் தெரியாது. ஈஸ்வரன் பெயரும் தன் பெயரோடு சேர்ந்து சந்தி சிரிக்கும். விரல்களுக்கு அடியில் கருப்பையின் ஒரு பக்கம் தண்ணீர் நிறைந்த பலூனாகப் புடைத்திருந்தது. மெதுவாக அழுத்தி விட்டார். உள்ளே சின்னதாக ஏதோ மிதந்துவந்து விரலில் முட்டிவிட்டு விலகியது. இன்னொரு தடவை அழுத்திப் பார்க்க விரல் துடித்தது. பார்க்காமல் கையை வெளியே எடுத்தார்.

"சினைதான்."

"நெசமாவா?"

"நெசமாத்தான் மதினி. சந்தைக்கெல்லாம் ஓட்டாதீக."

பொன்னழகு இன்னும் கொஞ்ச நேரம் அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு தலையை ஆட்டினாள். "அப்பச் சரி. இல்லைன்னு சொல்லியிருந்தா நான் நம்பியிருக்க மாட்டேன். உங்களுக்கும் அவனுக்கும்தான் ஆகாதே. நீரே இருக்குன்னு சொன்னா, இருக்கத்தான் செய்யும்."

தண்ணீர்த் தொட்டியருகே அவர் கையைக் கழுவிக்கொண்டிருந்தபோது, சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு பெண் குரல் கேட்டது.

"பொன்னழகக்கா, அவுகள இங்குட்டும் வந்துட்டுப் போகச் சொல்லு. எங்க மாட்டுக்கும் ஈஸ்வரன் தம்பிதான் போட்டுச்சு."

வீரையா சோப்பைக் கீழே வைத்துவிட்டு, பையில் இன்னொரு கையுறை இருக்கிறதா என்று தேடினார்.