ஏரியில் மண்டியிட்டவர்

என் வீட்டுக்காரருக்குக் கோட்டைக்குள் துணிக் கிடங்கில் வேலை. ஒல்லாந்துத் துரைமார்களுக்குப் பொதிகளைப் பிரித்துக் காட்டுவார். பழவேற்காட்டில் அந்த வேலைக்கு இருந்த மவுசு கொஞ்சநஞ்சமல்ல. ஞாயிற்றுக்கிழமை வெள்ளை அங்கியோடு கோயிலுக்குக் கிளம்பினார் என்றால், தெருவில் காக்காய்கூட ஒதுங்கி வழிவிட வேண்டும் அவருக்கு. நான் மீனவக் குப்பத்துப் பெண். எங்கள் குப்பத்து ஆட்கள் எதிரே வந்தால் அவர் பார்வை வானத்துக்குப் போய்விடும்.

புதிதாக வந்த துரை தன் ஆள் ஒருவனைக் கூடவே அழைத்து வந்தார். இவருக்கு வேலை போனது. எனக்கு அப்போது நிறைமாதம். சோறு கஞ்சியாகி, கஞ்சி வெறும் தண்ணீரானது. கோட்டை வேலை திரும்பக் கிடைக்க வேண்டும், அந்த ஆசீர்வாதம் ஒன்று போதும் என்று நான் தினமும் கர்த்தரிடம் மன்றாடினேன்.

ஏரியில் வலை போடவும் வழியில்லை. எந்த வீட்டுக்கு எந்த நாள், எந்த இடம் என்று குப்பத்தார் முறை வைத்திருந்தார்கள். வெளியாளுக்கும், வெளியே கட்டிக்கொடுத்த பெண்ணுக்கும் அதில் பங்கு கிடையாது. யாரும் தடுக்காத வேலை ஒன்றுதான் இருந்தது. கரையோரத் தண்ணீரில் மண்டியிட்டு, பறி என்கிற பனையோலைக் கூடையை வாயில் கவ்விக்கொண்டு, இரண்டு கையாலும் சேற்றைத் தடவி இறால் பிடிப்பது. அதைப் பெண்கள்தான் செய்வார்கள்.

அடுப்பே மூட்டாத ஒரு காலையில் பறியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். அவரும் பின்னால் வந்தார். கரையில் நின்று குனியப் பார்த்தேன், வயிறு விடவில்லை.

"குடு இப்படி," என்றார்.

"இன்னா பண்ணப் போறீங்க? பொம்பளைங்க வேலை அது. சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும். நீ ஒக்காரு."

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி, சேற்றில் மண்டியிட்டார். இறால் தடவிக்கொண்டிருந்த பெண்கள் பறியைக் கையில் எடுத்துக்கொண்டு சிரித்தார்கள்.

"இன்னாடி, கோட்டைக்காரரு ஏரியில எதயாச்சும் தொலச்சிட்டாரா?" என்றாள் ஒருத்தி.

வேறு நாளாக இருந்தால் ஒன்றுக்குப் பத்தாகத் திருப்பிக் கொடுத்திருப்பார். இப்போது பறியைக் கவ்வியபடியே தலையாட்டிவிட்டுத் தடவிக்கொண்டிருந்தார். முதல் இறால் கையில் அகப்பட்டதும் சின்னப் பிள்ளைபோல என்னைத் திரும்பிப் பார்த்தார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

கேலி செய்தவள்தான் முதலில் அடங்கினாள். "தள்ளிக்கோங்கடி, அண்ணனுக்கு எடம் வுடுங்க. புள்ளத்தாச்சி பசியோட குந்தினுக்கீறா," என்றாள். இறால் அதிகம் இருக்கும் இடத்தை அவருக்கு விட்டுவிட்டு நகர்ந்தார்கள்.

ஒரு கைப்பிடி கிடைத்தது. வீட்டுக்குப் போகும்வரை பொறுக்காமல் கரையிலேயே சருகைக் கூட்டிச் சுட்டார். அந்தப் பெண்களையும் கூப்பிட்டு உட்காரவைத்தார். கண்ணை மூடி, "இவங்கள ஆசீர்வதியும் ஆண்டவரே," என்று மெல்லச் சொன்னார். கோட்டையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஓட்டை உரித்து ஒவ்வொரு இறாலாக எனக்கு ஊட்டினார். விரலெல்லாம் இறால் முள் கீறியிருந்தது. நான் தின்று முடிக்கும்வரை தான் ஒன்றுகூடத் தொடவில்லை.

கல்யாணமான நாளிலிருந்து அவர்மேல் எனக்குப் பயமும் மரியாதையும் இருந்தன. பிரியம் வந்தது அந்தக் கரையில்தான். கடைசி இறாலை மென்றுகொண்டிருந்தபோது, போன வேலை திரும்பக் கிடைத்துவிடுமோ என்று எனக்குப் பயமாக இருந்தது.