மொட்டைக் கிளையில் பூ

எங்கள் பிரிஜெட் அக்கா மரம் வரைவாள். பெங்களூர் மல்லேஸ்வரத்தில், செடிகொடிப் புத்தகம் போடுகிற சின்னப் பதிப்பகத்தில் வேலை. அல்சூரிலிருந்து மெட்ரோவில் போவாள். ஜன்னலைப் பார்த்துக்கொண்டே ஏதோ காட்டுக்குள் போய்விடுவாள். இறங்கவேண்டிய இடத்தைத் தாண்டியபின் எனக்குப் போன் வரும். தங்கையாகப் பிறந்த பாவத்துக்கு நான் கேட்டுக்கொள்வேன்.

அங்கே தமிழ் டைப் செய்து பக்கம் அமைப்பவர் டொமினிக். மனைவியை இழந்தவர். ஜனவரியில் அக்காவிடம் நேராகவே கேட்டார், கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று. அக்கா வீட்டுக்காரர் இறந்து ஒன்பது வருஷம். "நான் பட்டமரம், டொமினிக்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள். அவரை அவளுக்குப் பிடிக்கும் என்று எனக்குத் தெரியும். வந்த கோபத்தில் அன்று சாம்பாரில் உப்பை அள்ளிப் போட்டேன்.

அப்புறம் வரைய வந்தது ஆஷ் மரம். ஆசிய வகைகள் இரண்டு, ஒரே பக்கத்தில் அருகருகே. அக்கா இரண்டையும் நேரில் கண்டதில்லை. கம்ப்யூட்டரில் வந்த போட்டோக்கள்தான். டொமினிக் இங்கிலீஷ் பெயரை அப்படியே மொழிபெயர்த்து, தலைப்பில் 'சாம்பல் மரம்' என்று போட்டுவைத்தார். "சாம்பல் புதனுக்கு நெத்தியில பூசறாங்களே, அது இந்த மரமா?" என்று சீண்டினேன். அக்கா சிரிக்கவில்லை.

அவள் வரையும்போது எங்கள் வீட்டுக்குள்ளேயே வடக்குக் காட்டுப் பனி இறங்கியதுபோல் இருக்கும். சீன ஆஷ் சுலபமாக வந்தது: இந்த வருஷத் துளிரின் நுனியில், இலைகளோடு சேர்ந்து பூக்கும். மஞ்சூரியா ஆஷுக்குச் சிற்றிலைகள் அதிகம். ஒவ்வொன்றின் அடியிலும் துருநிற ரோமம். அதன் பூக்கிளை என்று வந்த போட்டோவில் மட்டும் ஒரு இலைகூட இல்லை. கணுக்களில் கொத்துக் கொத்தாக அழுக்கு. "செத்த கிளைய அனுப்பியிருக்காங்க பாரு" என்று ஒதுக்கிவைத்தாள்.

ஒரு ஞாயிறு, பூசை முடிந்து வந்து, சும்மா அதைப் பெரிதாக்கிப் பார்த்தாள். அப்படியே உட்கார்ந்துவிட்டாள். காபி ஆறி ஆடை கட்டியது.

"லீனா, இது அழுக்கில்லடி. பூ. இதழே இல்லாத பூ. போன வருஷத்துக் கிளையிலயே, இலை வர்றதுக்கு முன்னாடியே பூத்துடுது."

தூங்கி விழித்தவள் மாதிரி இருந்தது அவள் முகம். எனக்கு அழுகை வந்தது. அவள் போனை எடுத்தாள்.

"டொமினிக், தலைப்புல 'சாம்பல்'னு போட்டது தப்பு. ஆஷ்ங்கிறது மரத்தோட பேரு. எடுத்துடுங்க."

"சரிங்க, எடுத்துடறேன்."

"இன்னொண்ணு. ஜனவரில உங்ககிட்ட பட்டமரம்னு சொன்னேன்ல?"

பெரிதாக்கிய அந்தப் பூவை இன்னொரு தடவை பார்த்துக்கொண்டாள்.

"அதுவும் தப்பு. அதையும் எடுத்துடுங்க."