கறிவேப்பிலைச் செடிக்கு மருந்து அடிக்கச் சொன்ன நாள்

மூன்று வருடங்களுக்கு முன், ஒரு சனிக்கிழமை காலை. எங்கள் பள்ளியில் சூழல் மன்றத்தைக் கவனிக்கும் ஆசிரியை நான்தான். அரசின் சூழல் மன்றத் திட்டத்தில், ஏழாம் வகுப்பு மாணவிகள் முப்பது பேருடன் ஸ்ரீரங்கத்துக்குப் பக்கத்தில் மேலூரில் வனத்துறை நடத்தும் வண்ணத்துப்பூச்சிப் பூங்காவுக்குப் போனேன்.

பாலக்கரை வீட்டிலிருந்து கிளம்பும் அவசரத்திலும் என் கணவரிடம் ஒரு வேலை சொல்லிவிட்டுத்தான் வந்தேன். மொட்டைமாடித் தொட்டியில் நான் ஆசையாக வளர்க்கும் கறிவேப்பிலையைப் பச்சைப் புழுக்கள் மொட்டையடித்துக்கொண்டிருந்தன. வேப்பெண்ணெயும் சோப்புத் தண்ணீரும் கலந்து அடிக்கச் சொன்னேன். சாம்பாருக்கு ஒரு கொத்துகூட மிஞ்சாவிட்டால் கோபம் வராதா?

பூங்காவைச் சுற்றிக் காட்டிய வனத்துறைப் பெண், எருக்கு, எலுமிச்சை, கறிவேப்பிலைச் செடிகளின் முன்னால் எங்களை நிறுத்தினார். இலையெல்லாம் ஓட்டை. "புழு திங்கறதுக்குன்னே வளக்குறோங்க" என்றார். நல்ல வேலைதான் என்று மனசுக்குள் சிரித்துக்கொண்டேன்.

அவர் ஒரு கறிவேப்பிலைக் கொத்தைத் திருப்பினார். அட, என் வீட்டுப் புழு! லேசாகத் தொட்டதும் தலைக்குப் பின்னாலிருந்து செம்மஞ்சள் நிறத்தில் இரட்டைக் கொம்பை நீட்டியது. பிள்ளைகள் போட்ட கூச்சலில் காது அடைத்துவிட்டது. "இதுதாங்க கறிவேப்பிலை அழகி. கொஞ்ச நாள்ல அந்த மாதிரி ஆயிடும்" என்று மேலே காட்டினார். கறுப்புச் சிறகில் வெள்ளைப் பொட்டு வரிசையோடு ஒன்று பறந்துகொண்டிருந்தது.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பிள்ளைகளிடம் விஷயத்தை உளறிவிட்டு, ஸ்பீக்கரில் போட்டு வீட்டுக்கு ஃபோன் அடித்தேன். எடுக்கவில்லை. மறுபடியும் எடுக்கவில்லை. எந்த வேலை சொன்னாலும் நாலு நாள் தள்ளிப்போடும் மனுஷன், இன்றைக்குப் பார்த்து உடனே செய்துவிடுவாரோ என்று பதறினேன்.

மூன்றாவது தடவை எடுத்தார். "பாதிச் செடிக்கு அடிச்சிட்டேன். சொன்ன உடனே செஞ்சேன் பாத்தியா?" என்றார் பெருமையாக.

ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த முப்பது பேரும் ஒரே குரலில், "அடிக்காதீங்க அங்கிள்! தண்ணி ஊத்துங்க!" என்று கத்தினார்கள். அவர் மிரண்டே போய்விட்டார். வனத்துறைப் பெண் ஃபோனை வாங்கி, "பூவாளியால மெதுவா கழுவி விடுங்க சார். புழு கீழ விழுந்துடாம பாத்துக்கோங்க" என்று சொல்லிக்கொடுத்தார்.

சாயங்காலம் மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாண்டி ஏறினேன். ஒன்பது புழுக்களில் நான்கு தொட்டி மண்ணில் செத்துக் கிடந்தன. மற்ற ஐந்தும், மிச்சமிருந்த இலைகளை ஒரு கை பார்த்துக்கொண்டிருந்தன. தின்னுங்கடா ராஜாக்களா என்று வாய்விட்டே சொன்னேன்!

அடுத்த சில வாரங்களில் அவை கூடு கட்டின. ஒரு காலையில் முதல் கூடு உடைந்து, ஈரச் சிறகு விரிந்து, பட்டாம்பூச்சி அடுத்த வீட்டு மாடியைத் தாண்டிப் பறந்ததைப் பார்த்து நானும் கணவரும் சின்னப் பிள்ளைகளைப் போலக் கைதட்டினோம்.

பட்டாம்பூச்சிகளெல்லாம் எங்கே போய்விட்டன என்று வருடா வருடம் வகுப்பில் வருத்தப்பட்டுக் கேட்டவளும் நான்தான், அவற்றைச் சோப்புத் தண்ணீரில் கொன்றுகொண்டிருந்தவளும் நான்தான் என்பது, இன்றைக்கும் தாளிக்கக் கறிவேப்பிலை கிள்ளப் போகும்போதெல்லாம் என் கையைப் பிடித்து நிறுத்துகிறது.