வந்து வாங்கிக்கச் சொல்லு

எட்டாயிரத்து நானூறு ரூபாய். இருதயராஜ் மேஸ்திரி லோகநாயகிக்குத் தரவேண்டிய கூலி பாக்கி. நம்பினால் நம்புங்கள், இது என் கையில் பட்ட விஷயம்.

நாங்கள் ஊர் ஊராகப் போய்த் தளம் போடும் கூட்டம். ஒரு கட்டடம் முடிந்தால் மூட்டை முடிச்சோடு அடுத்தது. நெமிலிச்சேரியில் சாரம் முறிந்து விழுந்து லோகநாயகி செத்தாள். மூங்கில் உளுத்திருக்கிறது என்று அவள் மேஸ்திரியிடம் முன்பே சொல்லியிருந்தாள். காரியம் முடிந்ததும் அவள் தங்கை சுசீலா பாக்கியைக் கேட்டாள். அக்கா பெண்ணுக்கு ஸ்கூல் பீஸ் கட்ட வேண்டும்.

மேஸ்திரி சிரித்தார். "செத்தவளுக்கு இன்னாத்துக்குக் கூலி? வோணும்னா அவளையே வந்து வாங்கிக்கச் சொல்லு."

அடுத்த தளம் நூம்பலில். கீழே சுசீலா, நடுச்சாரத்தில் ஒரு புது ஆள், மேலே நான். கலவைச் சட்டி கைமாறி ஏறும். முகம் பார்க்க நேரமிருக்காது. கையைத்தான் பார்ப்போம்.

பாதியில் நிறுத்தினால் தளம் ஒழுகும். அதனால் இருட்டிய பிறகும் ஓட்டினோம். மணி ஏழு இருபது.

சட்டி சில்லென்று வந்தது.

"புடி நைனா."

லோகநாயகி மட்டும்தான் என்னை நைனா என்பாள்...

சட்டியைப் பிடித்திருந்த கையைப் பார்த்தேன். மோதிர விரல் பாதிதான். முன்பு கலவை மெஷினில் அவளுக்குப் போன விரல்.

கீழிருந்து சுசீலா கத்தினாள். "அண்ணாத்தே! மிசின் நின்னு பத்து நிமிசமாவுது. புது ஆளு டீக்குப் போய்ட்டான். நீ யார்கிட்ட வாங்கினுகீற?"

மெஷின் சத்தமே இல்லை.

என் கையில் இருந்த சட்டி காலி.

மேஸ்திரி ஏணியில் ஏறி வந்தார். "எவன்டா நடுவுல சும்மா நிக்கிறது? வாங்கிக் குடுடா!"

சாரத்தில் கால் வைத்தார்.

இருட்டிலிருந்து ஒரு கை நீண்டது. அவர் மணிக்கட்டைப் பிடித்தது.

"வந்துட்டேன்... குடு."

"குட்த்துடுறேன்... உடுமே... உடு..."

சட்டைப் பை கிழியும் சத்தம்.

அப்புறம் ஒன்றுமில்லை.

லைட் அடித்தோம். நடுச்சாரத்தில் மேஸ்திரி மட்டும் கிடந்தார். மணிக்கட்டைச் சுற்றி சிமெண்ட் கல்லாக இறுகியிருந்தது. ஆஸ்பத்திரியில் உடைத்துத்தான் எடுத்தார்கள். கை கறுத்துவிட்டது. மூன்றாம் நாள் வெட்டிவிட்டார்கள்.

உடைத்த துண்டுகளை நான் சேர்த்து வைத்துப் பார்த்தேன். மேலே விரல் தடம்.

நாலரை விரல்.

அன்று ராத்திரியே சுசீலா தன் சோற்று டப்பாவைத் திறந்திருக்கிறாள். எனக்கு அப்புறம்தான் சொன்னாள். உள்ளே ஈர சிமெண்ட் அப்பிய நோட்டுகள். ஒவ்வொன்றாகக் கழுவி எண்ணினாளாம்.

எட்டாயிரத்து நானூறு. ஒரு ரூபாய் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.